கொழுந்து மடுவத்து ரீல்

பெப்ரவரி 6, 2025

"சேர், ஒங்களுக்கு எடது கை யார்கிட்ட இருந்து வந்துச்சு? அப்பாவா, அம்மாவா?"

நான் ஓய்வு பெறுவதற்குப் பல வருடம் முந்தி, பரம்பரை இயல்புகள் பற்றிய பாடம். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து நிரோஷன் கேட்டான். அப்பாவுக்கு வலது கை என்றேன். அம்மா? தெரியாது. அவள் இறந்தபோது எனக்கு மூன்று வயது. ஒரு புகைப்படம்கூட இல்லை. சட்டென்று பாடத்திலிருந்த பட்டாணிச் செடிக்குத் தாவிவிட்டேன்.

இன்று அது ஏன் ஞாபகம் வந்தது என்றால், புசல்லாவையில் நானும் அக்காவும் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பங்களாவில் பழைய சாமான்களை விற்றார்கள். புரொஜெக்டர் ஒன்றை வாங்கி வந்தேன். "இன்னும் ஒன்னாப்பா? நீங்க எங்க படுப்பீங்க?" என்றாள் மகள் நிஷாந்தினி. நான் தேடுவது மெஷின் அல்ல, அதன் பெட்டிக்குள் யாரோ மறந்துபோன ரீல் என்பது அவளுக்கும் தெரியும். தோட்டத்தை நடத்திய அந்தக் காலத்துத் துரை, பெண்கள் கொழுந்து நிறுக்கும்போது வந்து படம் எடுப்பாராம். அக்கா சொல்வாள். அதற்காகத்தான் இத்தனை வருடமாக இத்தனை இரும்பு.

இந்தப் பெட்டியில் ரீல் இருந்தது. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். நகத்தளவு கட்டங்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம். தராசு. கூடைகளோடு பெண்கள்.

அதற்கு மேல் பார்க்காமல் சுருட்டி வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 7

ரீலில் வினாகிரி வாடை. ஊறுகாய்ப் போத்தலைத் திறந்ததுபோல. படச்சுருள் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுருங்கியும் இருக்கிறது. துவைத்துச் சுருங்கிய சட்டையில் பொத்தானும் ஓட்டையும் நேருக்கு நேர் வராது அல்லவா, அப்படித்தான் இதன் ஓரத் துளைகளும் மெஷினின் பல்லில் ஒழுங்காக மாட்டாது. ஒரு தடவை ஓடும். இரண்டாவது தடவை கிழிந்துவிடும்.

கொழும்புக்கு அனுப்பிக் கணினிக்கு மாற்றலாம். மாதக்கணக்கில் ஆகுமாம். அக்காவிடம் மாதங்கள் இல்லை. இதயம் இனித் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் பன்வில தோட்டத்து லயத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் முகம் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். நகத்தளவு கட்டம் அவள் கண்ணுக்குத் தெரியாது, சுவரில் பெரிதாக்கித்தான் காட்டவேண்டும்.

பெப்ரவரி 11

அக்குறணை. பழைய மின்சாமான் கடை வைத்திருக்கும் நுஸ்கி, தேடித் தேடி மெஷினுக்கு ஒரு பல்ப் எடுத்துக் கொடுத்தார். "இதுக்குப் பொறகு என்னால ஏலா சேர். மெழுகுதிரி வெச்சித்தான் படம் காட்டணும்."

மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. படம் நின்றால் சூட்டில் கருகாமல் விளக்குக்கும் படத்துக்கும் நடுவில் வந்து விழவேண்டிய இரும்பு வலை துருப்பிடித்து உடைந்திருந்தது. என்னிடமிருக்கும் வேறு எதிலும் இந்த ரீல் ஏறாது. "ஓடக்குள்ள நிப்பாட்டிராதீங்க சேர்" என்றார். எனக்குத் தெரியாதா? சூடான தோசைக்கல்லில் விரலை இழுத்தால் சுடாது, வைத்தால் சுடும். பிள்ளைகளுக்கு நானே சொன்ன உதாரணம்.

பெப்ரவரி 14

அக்காவுக்கு மூச்சு இழுக்கிறதாம். நாளைக்கே போகவேண்டும்.

பெப்ரவரி 15

பஸ்ஸில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்னா வாத்தியாரே, கடசியா எனக்கும் பாடம் நடத்த வந்துட்டியா?" ஜன்னலைப் படங்குச் சாக்கால் மறைத்து, சுவரில் வேட்டி கட்டினேன். நிஷாந்தினி சொன்னபடி, சுவரில் ஓடுவதைப் பதிவு செய்யக் கைபேசியையும் ஒரு பக்கம் நிறுத்தி வைத்தேன். (பிறகு பார்த்தால், வெறும் கறுப்புப் பட்டைகள்தான் ஓடுகின்றன.)

படம் ஓடியது. நாய். துரையின் மனைவி. ரோஜாச் செடி. பிறகு மடுவம். என் கண் சுவரில் இல்லை. துளை எங்கே கிழியப்போகிறதோ என்று மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டு தம்பி. அம்மா."

நிறுத்திவிட்டேன்.

யோசிக்கவில்லை. அவள் சொன்னாள், கை விசைக்குப் போய்விட்டது. நிமிர்ந்தபோது வேட்டியில் ஒரு பழுப்புக் கொப்புளம் – அது விரிந்தது – பிறகு வெறும் வெள்ளை. பதறி இழுத்ததில் ரீலும் கிழிந்து கசங்கியது.

"எந்த ஆளு அக்கா? யாரு?"

"கூடைய எறக்குனாளே, அவதான்."

நான் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா என் தலையைத் தடவினாள்.

"விடு தம்பி. அன்னைக்கிப் பொதச்சோம். இன்னைக்கி எரிச்சிட்டோம். ரெண்டு மொறையும் செஞ்சாச்சு." சிரிக்கப் போய் இருமினாள்.

பெப்ரவரி 16

ஏன்டா நிப்பாட்டின? தெரிஞ்சுதானே வச்சிருந்த? ஊருக்கெல்லாம் உதாரணம் சொன்ன வாத்தி நீதானே?

பெப்ரவரி 17

ஒரு செக்கன் படத்துக்குப் பதினாறு கட்டங்கள். எரிந்தது ஒன்றுதான், பக்கத்துக் கட்டங்கள் இருக்கும் என்று புத்தி சொல்கிறது. இருக்கட்டும். மடுவத்தில் எல்லாப் பெண்களும்தானே கூடை இறக்குவார்கள்? அதில் எவள்? கேட்கலாம் என்று போன் எடுத்தேன். அக்காவால் பேச முடியவில்லையாம்.

பெப்ரவரி 21

அக்கா போய்விட்டாள். காலையில்.

மார்ச் 9

கிழிந்த ரீல் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது. வாடை அறை முழுக்க. மெஷின்களையெல்லாம் கொண்டுபோகச் சொல்லி நுஸ்கிக்குப் போன் பண்ணினேன். "ஒரு கெழம பொறுங்க சேர்" என்றார். பொறுத்து என்ன வரப்போகிறது? ஒரு முகத்துக்காக இத்தனையும் சேர்த்தேன். தெரிந்தவள் போய்விட்டாள். நான் யாரைப் பார்த்து அம்மா என்பது?

மார்ச் 16

நுஸ்கி வேனோடு வந்தார். கடைசியாக டின்னை அவர் தூக்கியபோது, கொடுக்க முடியவில்லை. அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23

காலை வெயிலில் ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கசங்கலை விரலால் நீவி நீவிப் பார்த்தேன்.

ஒருத்தி பின் ஒருத்தியாகத் தராசுக்கு வருகிறார்கள். முதல் பெண் கூடையை இறக்குகிறாள். போகிறாள். இரண்டாவது பெண் வந்து கூடையை இறக்குகிறாள் – அங்கே ஓட்டை. விளிம்பெல்லாம் கருகிய, கடுகு அளவு ஓட்டை. அதன் பின் மூன்றாவது பெண்.

எரிந்த இடம்தான் அக்கா "நிப்பாட்டு" என்ற இடம். நான் எரிக்காமல் இருந்திருந்தால் இந்த மூவரில் எவள் என்று எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

ஓட்டைக்கு முந்திய கட்டத்தில் இருக்கிறாள். மெலிந்த முகம். நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடம். யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டே கயிற்றைத் தலையிலிருந்து எடுக்கிறாள். மற்ற இருவரும் வலது கையால் எடுத்தார்கள். இவள் இடது கையால்.

அக்காவிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அம்மாவுக்கு எந்தக் கை என்று. "கொழுந்த ரெண்டு கையாலயும்தானே எடுக்கணும், யாரு பாத்தா?" என்றாள்.

நான் பார்த்துவிட்டேன் அக்கா.

நிரோஷன், நீ இப்போது எங்கே இருக்கிறாயோ. விடை கிடைத்துவிட்டது.

இதை வாசிக்கிறவருக்கு ஒரு சின்ன வேலை: உங்கள் அம்மா இன்று வெளியே போய் வந்து பையை இறக்கி வைக்கும்போது, எந்தக் கை முதலில் போகிறது என்று பாருங்கள்.