மிச்சத் தவணைக்குப் போன அம்மா

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாகவே இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை யுகேந்திரனும் வயிற்றிலிருக்கும் சின்னதும் அதேபோல் சுகமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் பக்கத்தில் நின்று அம்மா திருத்திக்கொண்டே இருப்பாள், என்னால் ஒரு சங்கதியையும் முழுதாகச் சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். பூச்சோங் தங்கமணி அத்தை அடுத்த வாரம் அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பிரசவத்துக்கு அம்மா கட்டாயம் வருவாளா, கமிட்டி வேலை என்று இங்கேயே நின்றுவிடுவாளா என்று கேட்டிருந்தாய். போன ஞாயிறு வரை எனக்கே தெரியாது. நம் கொண்டோ அடுக்குமாடிக் கமிட்டியில் செயலாளராக இருந்த கிஷன் வீட்டை விற்றுவிட்டு செமினிக்குப் போய்விட்டான், வீடு போனால் பதவியும் போய்விடும். காலியான இடத்துக்குக் கமிட்டியே ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கிஷனுடைய மிச்சத் தவணைக்கு, அதாவது அவன் பதவிக்காலம் தீரும் அடுத்த ஆண்டுக்கூட்டம் வரைக்கும்தான். என்னைத்தான் கேட்டார்கள். நான் முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தேன். ஒரு வீட்டுக்கு ஓர் ஆள்தான் என்பதால், எனக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் உட்கார்ந்திரு, ஆண்டுக்கூட்டத்தில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அம்மாவை அனுப்பினேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் நினைத்தேன்.

இங்கே லிஃப்ட் ஒன்று நின்றே போய்விட்டது, மற்றொன்று அதற்கு மனசிருந்தால் ஓடும். பழுது பார்ப்பதா, புதிதாகப் போடுவதா என்று இரண்டு கட்சியாகி, கூட்டம் என்றாலே சண்டை. அம்மா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறி ஒவ்வொரு கதவையும் தட்டினாள், இந்த வயசில் உனக்கென்ன தலையெழுத்து என்று நான் திட்டியது காதில் ஏறவில்லை. கடைக்கு இறங்க முடியாமல் ரொட்டியிலேயே காலம் தள்ளும் சீன ஆன்டி, தன் தாயாரை டயாலிசிஸுக்கு முதுகில் சுமந்து இறக்கும் மேல்மாடி ரியாஸ், இவர்களெல்லாம் நம் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆண்டுக்கூட்டத்துக்கு வழக்கமாக ஆள் சேராது, அரை மணி நேரம் காத்திருந்து வந்தவரை வைத்தே நடத்துவோம். இந்தத் தடவை நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். தலைவர் வாசு அண்ணன், தன் தவணைகள் தீர்ந்துவிட்டன, சட்டப்படி இனி தொடர முடியாது என்று ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்தார். அடுத்தது நான்தான் என்று விசேஷத்துக்குப் போடும் பாத்திக் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், சிரிக்காதே. ஆனால் பின்னாலிருந்து பல குரல்கள் சொன்ன பெயர் அமுதவள்ளி.

அம்மா எழுந்தாள். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. எம் மகளுக்குத் தலைப்பிரசவம், மூணு மாசம் பெர்த்துக்குப் போறேன், அத மாத்த மாட்டேன், லிஃப்ட் வேலய பாதியில விடவும் மனசில்ல, சொல்லாம கொள்ளாம மூணு கூட்டம் வரலன்னா பதவி போயிரும்லா, அதான் இப்பவே சொல்றேன், வேணாம்னா வேற ஆள போடுங்க என்றாள். உப்புப் போதுமா என்று என்னைக் கேட்கும் அதே குரல்தான் ப்ரியா, ஆனால் சண்டைக்காரர்களெல்லாம் வாய் மூடிக் கேட்டார்கள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேனா என்று பிரமித்துப் போனேன், கண் கலங்கிவிட்டது.

பெர்த்துக்கும் நமக்கும் ஒரே மணிதானே, போன் வழியாகக் கூட்டத்தில் உட்காரட்டுமே என்று, ரியாஸ் கைபிடித்து இறக்கி வந்திருந்த அந்தச் சீன ஆன்டி மலாயில் கேட்டார். யாரோ சிரித்தார்கள், அப்புறம் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. வாசு அண்ணன் மட்டும் என்னைப் பார்த்து, ஒங்க வீட்டுலேருந்து யாருண்ணே என்றார். எங்க வீட்டுக்கு அவதான் என்றேன். கமிட்டி அங்கேயே கூடி அவளைத் தலைவராக்கியது. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மதியத்துக்கு ரசம் வைக்கணும் என்று கிளம்பிவிட்டாள்.

ஆகவே அம்மா வருகிறாள், நானும் கூட வருகிறேன். கால் வீங்கினால் தலையணைமேல் வைத்துப் படு, கனம் தூக்காதே, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. மாரியம்மன் துணையிருந்து நல்லபடியாகப் பெற்றெடுத்து, பிள்ளையும் நீயும் நூறாண்டு வாழ வேண்டும்.

மறக்காதே, மாதத்தின் முதல் ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கமிட்டிக் கூட்டம். அப்போது குழந்தை அழுதால் அம்மாவைக் கூப்பிடாதே, என்னிடம் கொடு. அவளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கன்னையா