என் பெயருக்குக் கீழே ஓர் இணைப்பு

அக். 8, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். பதுளை டவுன் முழுக்க மூட்டம். துணி இரண்டு நாளாகக் காயவில்லை.

மேசையில் பதிவாளர் அலுவலகச் சுற்றறிக்கை. பல்கலைக்கழக இணையதளத்தில் விரிவுரையாளர்கள் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் சொந்தத் தளத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்திருக்கிறோம் அல்லவா, அதற்கு இனி விதிகளாம். 17ஆம் திகதிக்குள் சரிசெய்யாவிட்டால் இணைப்பை எடுத்துவிடுவார்கள். சுருக்கமாக:

– துறைத் தலைவர் கையொப்பம்.
– சொந்தத் தளத்தில் பல்கலைக்கழக இலச்சினை கூடாது.
– வியாபார விளம்பரம் கூடாது.
– ‘இவை என் சொந்தக் கருத்துகள், பல்கலைக்கழகத்தின் கருத்துகள் அல்ல’ என்ற வரி எல்லாப் பக்கத்திலும்.

நாலிலும் நான் தப்பு. இலச்சினையைப் பெரிதாக மேலே ஒட்டியதே நான்தான். ஓரத்தில் என் வீட்டுக்காரருடைய கணித டியூஷன் விளம்பரம், ஃபோன் நம்பரோடு.

பயம் அதனால் இல்லை. மண்சரிவுப் பக்கத்தால்தான். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் சனங்களுக்காகத் தமிழில் எழுதியது. சுவரில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, இவற்றைக் கண்டால் உடனே வெளியேறுங்கள் என்று. அதன் அடியில் செல்வி அக்கா அனுப்பிய படங்கள்: அவர் லயத்துக்கு மேலே மண் மூடிக் கிடக்கும் வடிகால், கான். கூடவே என் ஒரு வரி: ‘மழைநீர் ஓட வழியில்லை. தோட்ட நிர்வாகம் இதை இப்படியே விட்டு வைத்திருப்பது ஆபத்து.’

அந்த வரிக்காகத்தான் இந்தச் சுற்றறிக்கையோ?

அக். 9, வியாழன்

மழை. அரிசி, மெழுகுவர்த்தி, தீபாவளிக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

இவரிடம் விளம்பரத்தை எடுக்கப் போவதாகச் சொன்னேன். “நாப்பது புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறதுல உங்க கெம்பஸ் கவுந்துருமா?” என்றார். சிரிக்காமல்தான். பிறகு அவரே உட்கார்ந்து எடுத்துத் தந்தார். இலச்சினையும் போயிற்று.

‘சொந்தக் கருத்து’ வரியை மட்டும் எழுதக் கை வரவில்லை. சொன்னதைச் சொல்லிவிட்டுப் பின்வாங்குவது போல. இரண்டு தரம் தட்டச்சு செய்து அழித்தேன்.

அக். 11, சனி

பசறை பஸ்ஸில் செல்வி அக்கா வீட்டுக்கு. பெரியம்மா மகள். இருபது வருடமாக அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். பஸ்ஸில் பின்சீட்டு ஆள் யாரிடமோ: “இந்த மழை நிக்காது. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிரு.” என்ன கலியாணமோ.

அக்கா டீ ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். போன வாரம் காலைப் பெரட்டில், எல்லோரையும் வேலைக்குப் பிரிக்கும்போது, படம் கொடுத்தது யார் என்று தொரை கேட்டாராம். அக்கா கையைத் தூக்கினாராம். என்ன செய்தார் என்றேன். வழக்கம்போல வேலைக்கு அனுப்பிவிட்டாராம்.

இலச்சினையை எடுத்துவிட்டேன், இனி யார் நம்புவார்கள் என்று கேட்டேன்.

“முத்திரையை யாரு பாத்தா. கெம்பஸ் பக்கத்துல ஒன் பேரு இருக்கு, அதை அமுக்குனா இது வருது. அதைக் காட்டித்தான் இது நெசம்னு எல்லாத்துக்கும் சொல்லி வச்சிருக்கேன்.”

அப்படியானால் இணைப்புப் போனால் எல்லாம் போயிற்று. திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு. கானையும் பார்த்தேன். படத்தில் இருப்பதைவிட மோசம்.

அக். 13, திங்கள்

து.த. கூப்பிட்டார். எங்கள் துறைத் தலைவர், குமாரி மேடம். எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவர் முன்னால் ஒரு கடிதம். தோட்ட நிர்வாகி, அக்கா சொன்ன அதே தொரை, உபவேந்தருக்கு எழுதியது: பல்கலைக்கழகம் எங்கள் மீது குற்றம் சாட்டுகிறது, நீக்க வேண்டும்.

அவர் வாய் திறக்குமுன் நானே, அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

அது பொய்யா என்று கேட்டார். இல்லை, சனிக்கிழமைகூடப் பார்த்தேன். பிறகு ஏன் எடுக்கிறாய் என்றார். பல்கலைக்கழகம் சொன்னது என்பதுதானே அவர் புகார்? சொந்தக் கருத்து என்ற வரியைப் போடு. படம் எடுத்த திகதியைப் போடு. அப்புறம் அது நீ சொல்வது. அதை எடுக்கச் சொல்ல எங்களுக்கே அதிகாரம் இல்லை. நிர்வாகி பதில் எழுதினால் அதையும் போடு.

வாயை மூடச் சொல்லும் வரி என்று ஐந்து நாள் நினைத்திருந்தேன். முட்டாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, சுற்றறிக்கை வந்த காரணத்தையும் சொன்னார். வேறு பீடத்தில் யாரோ சொந்தத் தளத்தில் காணி விற்றிருக்கிறாராம். நான் காரணமே இல்லை!

கன்டீனில் இரண்டு பிளேன்டீ குடித்தேன். வரியைப் போட்டாயிற்று, எல்லாப் பக்கத்திலும்.

அக். 15, புதன்

படிவம் திரும்பி வந்தது. திகதியில் மாதம் தப்பு. மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். கிளார்க், நிறையப் பேர் இதே தப்புத்தான் மிஸ் என்று ஆறுதல் சொன்னார்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. கானுக்கு இன்னும் யாரும் வரவில்லை என்று அக்கா.

அக். 17, வெள்ளி

வெயில்! துணி எல்லாம் கொடியில்.

10 மணி: இணைப்பு அனுமதிக்கப்பட்டது. இப்போது அமுக்கினால் முதலில் ஓர் அறிவிப்பு, ‘பல்கலைக்கழகத் தளத்தை விட்டுச் செல்கிறீர்கள்’ என்று மும்மொழியில். தமிழில் ‘செல்கிறிர்கள்’. சொன்னேன், திருத்திவிட்டார்கள். நிர்வாகிக்குப் பல்கலைக்கழகம் பதில் எழுதிவிட்டதாம்: அது விரிவுரையாளரின் சொந்தத் தளம், அவரிடமே கேட்கவும்.

11.30: நிர்வாகி எனக்கே மின்னஞ்சல். குழைவும் இல்லை, கோபமும் இல்லை. இன்று ஆறு பேரைக் கானுக்கு அனுப்பியிருக்கிறாராம். படத்தையும் மாற்ற வேண்டுமாம். மூன்று தடவை படித்தேன். மின்னஞ்சலை அப்படியே பக்கத்தில் போட்டேன். பாரம் இறங்கியது போல.

மதியம் அக்கா ஃபோன். “மம்பட்டியோட வந்து வெட்டிட்டாங்க. தண்ணி அந்தப் பக்கமா திரும்பிருச்சு. இன்னைக்குத் தூங்கலாம்.” அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியைக் கேட்டு எத்தனையோ நாள். புதுப் படம் ஒன்று வேண்டும் என்றேன்.

“அனுப்புறேன். இந்தத் தடவை நானும் நிப்பேன்.”

3 மணி: படம் வந்தது. கானில் பாதியை அக்கா மறைத்துக்கொண்டு நிற்கிறார். அப்படியே போட்டுவிட்டேன். அடியில் திகதி.