மூக்கைத் தூக்கி நிக்கிற ஏரோப்பிளேன்

என் ஆரோக்கிய மச்சானுக்கு,

நல்லாருக்கியான்னு கேட்டா, "செத்தவன்கிட்ட கேக்குற கேள்வியாடா இது?"ம்ப. அதுனால கேக்கல. நான் நல்லா இல்ல. அத மட்டும் சொல்லிக்கிறேன்.

ஒன் ஏரோப்பிளேன நேத்து முடிச்சேன். குவைத்துல பழைய சாமான் கடையில பொறுக்கிட்டு வந்தியே, பெட்டியெல்லாம் மக்கிப்போன, ஒட்டிச் செய்யிற பொம்மை ஜெட் பிளேன் செட்டு, அதான். வழக்கம்போல பிளாஸ்டிக் துண்டுகள நீ வெட்டி ஒட்டுன. லாரிக்கு நம்பர் எழுதியே கெழவனானவன் நான், பெயிண்டு என் வேல. ஒட்டி முடிச்சு எம் பக்கமா நகத்தி வச்ச. மறுவாரமே போய்ட்ட.

ஒன் வீட்டு மேசையிலயே கெடந்துச்சு. தொட மனசு வரல. அத முடிச்சுட்டா, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் ஒன் வீட்டுக்கு வர்றது?

மேரி தங்கச்சிதான், "அண்ணே, அவரு வருசப் பூசை வருது. படத்துக்கு முன்னாடி வைக்கணும், முடிச்சுக் குடுங்க"ன்னுச்சு.

"முடிச்சுட்டா எனக்கு யாரு காப்பி குடுப்பா?"ன்னேன். டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு.

பெயிண்டுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பமில்ல, அப்பத்தான் பாத்தேன். மூக்குல, ஒட்டுன எடத்துல, ஒன் கட்டவெரல் ரேகை. பசையில எளகின பிளாஸ்டிக்குல அப்படியே பதிஞ்சிருக்கு. எத்தன தடவ ஏசிருக்கேன், "கைநாட்டு வைக்க இது என்ன பத்திரமா? நான்தான்டா நாலாப்போட நின்னவன்!"ன்னு. எல்லாப் பிளேன்லயும் தேய்ச்சு எடுத்தவன், இந்தத் தடவ உப்புத்தாளக் கீழ வச்சுட்டேன். அங்க மட்டும் பெயிண்டத் தண்ணியா அடிச்சேன். ரேகை தெரியுது.

நம்பரு ஸ்டிக்கரு தண்ணியில ஊறவச்சு ஒட்டுறது, பழசாச்சே, போட்டதும் பொடிப்பொடியாப் போச்சு. நம்பரக் கையாலேயே எழுதுனேன். புதுக்கோட்டை வண்டி நம்பருதான், டி.என். 55. நீ இருந்திருந்தா அடிக்க வந்திருப்ப.

அப்புறம் சக்கரத்துல நிக்க வச்சேன். டொக்குனு வாலு குந்திருச்சு. மூக்கு வானத்தப் பாக்குது.

அடப்பாவி! ஒட்டுறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள கனத்துக்கு ஈயம் வையின்னு ஒவ்வொரு தடவையும் கத்துவேன். அதுக்குன்னே கட்டுமாவடி போயி, வலையில கட்டுற ஈயக்குண்டு வாங்கியாந்து தந்தேன். இதுலயும் மறந்திருக்க! எனக்குச் சிரிப்பு தாங்கல. "பாருடா, குந்திருச்சு!"ன்னு ஒன் நாற்காலிப் பக்கம் திரும்பிட்டேன்.

நாற்காலி சும்மா இருந்துச்சு.

பிளேடு வச்சு மூக்கப் பிளந்தா ஈயம் வச்சுறலாம். பிளந்தா ரேகை போயிரும். பிளேடும் கையுமா உக்காந்திருந்தேன். மேரி எட்டிப் பாத்துச்சு. "விடுங்கண்ணே. சோறு தின்னுட்டு அவரும் இப்படித்தான சாஞ்சு கெடப்பாரு."

அப்படியே படத்துக்கு முன்னாடி வச்சாச்சு. இன்னைக்குப் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்த சாமியாரு, "இது ஏன் இப்படி நிக்குது?"ன்னாரு. "மேல கெளம்புது சாமி"ன்னேன். தலையாட்டிக்கிட்டாரு. ஒன் மானத்தக் காப்பாத்திட்டேன், போ.

கெளம்பயில வாசல்ல செருப்பத் தேடிக்கிட்டே நின்னேன். கால்லதான் கெடந்துச்சு. மேரி வந்து, "இன்னும் ஈயம் வைக்கலையில்ல? வேலை முடியலையே, நாளைக்கும் வாங்கண்ணே"ன்னுச்சு.

அதுனால சொல்றேன் மச்சான், ஈயக்குண்டு என் சட்டைப் பையிலயே இருக்கும். நான் வைக்க மாட்டேன். அங்கிட்டு வரும்போது கொண்டாறேன், நீயே வையி. அதுவரைக்கும் ஒன் பிளேன் குந்தியே கெடக்கட்டும்.

ஒன் பொண்டாட்டி கையால நாளைக்கும் காப்பி குடிக்கப்போற,
ஒன் மச்சான் சின்னையா