வெல்லம் தொட்ட விரல்

நாள் 402, காலை 07:10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. என் இரத்தச் சர்க்கரை 131.
எழுதுவது அமலோற்பவம். செவ்வாய்த் தளத்தின் ஒற்றைக் காவலாள், பன்னிரண்டு வயதிலிருந்து நீரிழிவுக்காரி. மற்றவர்கள் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். என் கணவர் தனபால் போன வருட மணற்புயலில் இறந்துபோனார். எங்கள் இருவரின் கரு ஒன்றே ஒன்று உறைபெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியின் குளிர் நேற்றிலிருந்து குறைகிறது. இருபது நாள் தாங்கினால் அதிகம். அதற்குள் கருவை என் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

நாள் 403, காலை 09:40
பூமியிலிருந்து டாக்டர் வஹிதா: “அமலா, அவசரப்படாதீங்க. சர்க்கரை ஏறினா கருப்பையோட உள்சுவர் ஹார்மோன் சொல்றதக் கேக்காது. மெத்துனு மாறாது. கரு வந்தாலும் ஒட்டாம போயிரும். அடுத்த கப்பல் வரட்டும்.”
கப்பல் வர ஐந்து மாதம். டாக்டர் சொன்ன அறிவியல் சரி, முடிவுதான் தப்பு. சுவரைத் தயார் செய்யப்போகிறேன். ஹார்மோன் மாத்திரை தொடங்கிவிட்டேன்.

நாள் 414, மாலை 16:00
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்தல். பத்து விரலும் சல்லடை. சர்க்கரை 140ஐத் தாண்டவிடவில்லை. ஸ்கேனில் உள்சுவரின் தடிமன் எட்டு மில்லிமீட்டர், போதும். கேட்கிறது, டாக்டர். நான் சொல்வதைக் கேட்கிறது.

நாள் 420, காலை 10:05
இன்று கருவை வைக்கும் நாள். கருவை உறைநிலையிலிருந்து எடுத்துவிட்டேன், இனி மறுபடி உறைய வைக்க வழியில்லை. உள்சுவரும் நாளைக்கு மேல் காத்திருக்காது.
பூமியில் இன்று பொங்கல். தனபால் ஒரு வருடமும் விட்டதில்லை என்று சின்னப் பாத்திரத்தில் பொங்கினேன். ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை.
கருவை வைக்கவேண்டிய சிகிச்சை இயந்திரம்: “சர்க்கரை 391. பணி நிறுத்தப்படுகிறது.”
391? எப்படி? கோபத்தில் ஊசியை எடுத்தேன். இன்சுலினை ஏற்றியிருந்தால் செத்திருப்பேன். அப்போதுதான் விரல் பிசுபிசுத்தது. வெல்லம் உடைத்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அப்படியே குத்தியிருக்கிறேன். இருபத்தைந்து வருட நீரிழிவுக்காரி. வெட்கம்.

10:19
சோப்புப் போட்டுக் கழுவினேன். 118. இன்னொரு விரல், 121. இயந்திரம் வழிவிட்டது.

11:02
வைத்தாயிற்று. தனபால், பாத்துக்கோ.

நாள் 431, காலை 06:50
சர்க்கரை 48. ரொம்பக் குறைவு. கை நடுங்குகி
எழுத்து இரண்டிரண்டாகத் தெரி
வெல்லம். டப்பா மூடி திற
வாயில்

07:25
கை கழுவி எடுத்தது: 96. அன்று கவிழ்க்கப் பார்த்த வெல்லமே இன்று காப்பாற்றியது. அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.
இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனையும் பார்த்தேன். இரண்டு முறை.

07:40, பூமிக்கு அனுப்பியது
“டாக்டர், ஒட்டிக்கிச்சு. கப்பல் பட்டியல்ல எம் பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விடுங்க.”