ஒன்பது நிமிடத்தில் படித்தது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நாற்பத்தொரு மெயில். முப்பத்தாறு எனக்குச் சம்பந்தமில்லாதவை. ஐந்துக்குப் பதில் எழுதினேன்.

பல் மருத்துவரிடம் போனேன். வாயில் கருவியை வைத்துக்கொண்டே, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். வாய் கொப்பளித்துவிட்டுச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அது தன் நிலைமையை எழுத்தில் சொல்ல வேண்டும்: எவ்வளவு சூடு, எந்தக் கருவி செருகப்பட்டது, எது கழன்றது. எண்களை எழுத்தாக்கி, கொடுத்த இடத்துக்குள் அடுக்க அதில் ஒரு பகுதி இருக்கிறது. அதை மாற்ற நினைப்பவர்கள் மாற்றத்தை மெயிலில் அனுப்புவார்கள். அதற்குப் பேட்ச் என்று பெயர். நான் படித்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்பேன்.

"அவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான். பல்லிலும் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்ன அடைப்பு.

அரைப்புள்ளி ஏழு பேட்ச் அனுப்பியிருக்கிறார். போன வருடம் முதன்முதலாக அனுப்பியதில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டவர். பெயர் நான் வைத்தது, இந்த நோட்டுக்குள் மட்டும் புழங்குவது.

மார்ச் 5

படிக்கவில்லை. மழை. துணி காயவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்தான் என் மேஜை. அது சுழலும்போது திரையும் சேர்ந்து ஆடுகிறது. இன்று அதை நிறுத்திவிட்டுப் படித்தேன்.

அரைப்புள்ளியின் கம்பெனி குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்கிறது. ஒரு கருவிக்கு யாரோ நீளமான பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பலகை தானாக அணைவதும் எரிவதுமாக இருக்கிறதாம். தேடிக்கொண்டே போய் என் பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். பதினாறு எழுத்துக்கு இடம், எழுத வேண்டியது இருபது என்றால், எழுதும் வேலையைச் செய்யும் நிரல்துண்டு, எங்கள் பழைய பங்ஷன், இடம் உள்ள மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஆனால் எத்தனை எழுதினாய் என்று கேட்டால் இருபது என்று சொல்லும். இடம் இருந்திருந்தால் எழுதியிருப்பேனே என்ற கணக்கு. பொய் என்று சொல்ல முடியாது, கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அதை நம்பி இருபது எழுத்து தள்ளிப் போய் அடுத்ததை எழுத ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் எழுதிக்கொண்டிருப்போம்.

உள்ளபடி எத்தனை எழுதியது என்று சொல்லும் இன்னொரு பங்ஷன் இருக்கிறது. ஏழு இடங்களில் பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டிருக்கிறார். 28ஆம் தேதிக்குள் முடித்து மேலே, கர்னலை வெளியிடுபவர்களுக்கு, அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வெளியீட்டுக்கு இரண்டு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பலகைகள் அணைந்து அணைந்து எரியும்.

நான்காவது பேட்ச்சை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 8, சனி

எங்கோ இல்லை. என் தம்பியுடையது.

பேட்ச்சும் பதிலும் எல்லாருக்கும் போகும் பொது மெயில் லிஸ்ட் எங்களுடையது; அதில் போகும் மெயில் எதுவும் அழிவதில்லை. ஆவணத்தில் தேடினேன். ஆறு வருடத்துக்கு முன் அவன் மூன்று பேட்ச் அனுப்பியிருக்கிறான். இதே பங்ஷன், இதே காரணம். அனுப்பிய நேரம் காலை 10:12. என் பதில் 10:21.

"முதல் பேட்ச் தவறு. மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை. அனுப்பும் முன் யோசித்துவிட்டு அனுப்பவும்."

முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது. அன்று அவனுக்கு இருந்திருக்காதா என்ன? ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கும் லிஸ்ட்.

முதல் பேட்ச் தவறுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அரைப்புள்ளியின் நான்காவதை மட்டும் படிக்க எனக்கு நேற்று ஒரு காலைப் பொழுது முழுக்க ஆனது. ஒன்பது நிமிடத்தில் மூன்றை எப்படிப் படித்தேன்? படிக்கவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் திறக்கவே இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவர் பெயரோடும் அப்பா பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்காவும் தம்பியும் என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி என்று விட்டுக்கொடுத்தாள் என ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவனுடையதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். குற்றம் ஒன்று கிடைத்ததும் நிம்மதியாக மூடிவைத்துவிட்டேன்.

அவன் பதில்: "சரி." அதோடு சரி, அதன் பிறகு ஒரு பேட்ச்கூட அனுப்பவில்லை. இப்போது லிப்ட் கம்பெனி ஒன்றில் நிரல் எழுதுகிறான். சண்டை என்று சொல்ல முடியாது. அம்மா வீட்டில் பார்த்தால் தண்ணீர் சொம்பை எடுத்துக் கொடுக்கிறான், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். வேலையைப் பற்றி ஆறு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது. அதற்கு முன் நாங்கள் வேறு எதையும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்னொன்று இப்போதுதான் கண்ணில் பட்டது. பேட்ச் அனுப்பும்போது, அந்த நிரலில் முன்பு கை வைத்தவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி தானாகவே போகும். அரைப்புள்ளியின் மெயிலில் நகல் வரிசையைப் பார்த்தேன். ஐந்தாவது முகவரி தம்பியுடையது. திரும்பி வரவில்லை, போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான்.

மார்ச் 10

இவரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். முதலில் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுத்தார். எந்தப் பேச்சையும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"போன் பண்ணி சாரி சொல்லேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஊரே பார்க்கத் திட்டிட்டு, சாரி மட்டும் போன்லயா?"

"அப்ப ஊர் பார்க்கவே சொல்லு."

"இவ்வளவு நாள் கழிச்சா?"

"என்னைக் கேட்டா? நான் கண்ணாடி விக்கறவன்" என்று சாப்பிடப் போய்விட்டார்.

மார்ச் 12, புதன்

அரைப்புள்ளியிடமிருந்து தனி மெயில். ஆவணத்தில் பழைய பேட்ச் ஒன்றைப் பார்த்தாராம். யோசனை முதலில் அதை அனுப்பியவருடையதாகத் தெரிகிறது, பெயரைச் சேர்க்கலாமா, அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

தெரியுமா? கொஞ்சம்.

முறை இதுதான்: ஒருவர் யோசனையை எடுத்துக்கொண்டால் அவர் பெயரைப் போட வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. அதனால் யாராவது அவனைக் கேட்டாக வேண்டும். 'நான் கேட்டுச் சொல்கிறேன்' என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 13

அவனுக்கு ஐந்து முறை எழுதி ஐந்தையும் அழித்தேன். எல்லாம் பூசி மெழுகல். 'அப்போது எனக்கு வேலை அதிகம்' என்று ஒன்றில் எழுதியிருந்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 14, வெள்ளி

மன்னிப்பு எழுத எனக்கு வராது. ரிவ்யூ எழுத வரும். அவனுக்கு நான் தராமல் விட்டதும் அதுதானே? இரண்டாவது பேட்ச்சைத் திறந்தேன்.

மார்ச் 15

இரண்டாவது முடிந்தது. ஒரு குறையும் இல்லை. சுத்தமான வேலை. படிக்கப் படிக்க என் மேலேயே கோபம் வந்தது. என்ன பெரிய அக்கா நான்?

மார்ச் 18, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். அவனுடைய பழைய மெயிலுக்கே பதிலாக, லிஸ்ட்டுக்கே, எல்லாரும் பார்க்க. தலைப்பில் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி அப்படியே நிற்கிறது. முதல் வரி: "இரண்டாவதையும் மூன்றாவதையும் அன்று நான் படிக்காமலே நிராகரித்தேன். அது தவறு. என் ரிவ்யூ கீழே." அப்புறம் வரிவரியாக.

மூன்றாவது பேட்ச்சில் நூற்றுப் பதினெட்டாம் வரி. எழுத இன்னும் இடம் மீதி இருக்கிறதா என்று அங்கே ஒரு சோதனை வைத்திருக்கிறான். அரைப்புள்ளி அதை யோசிக்கவே இல்லை. அதற்குக் கீழே 'நல்ல வேலை' என்று எழுதினேன். பதினான்கு வருடத்தில் இந்த லிஸ்ட்டில் நான் யாருக்கும் எழுதாத இரண்டு சொற்கள். அந்த வரியை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி அரைப்புள்ளிக்கும் சொன்னேன். கடைசியில் பெயர் போடச் சம்மதமா என்று தம்பியைக் கேட்டிருக்கிறேன்.

அனுப்பிவிட்டு எழுந்து போய் மூன்று பக்கெட் துணி உலர்த்தினேன்.

மார்ச் 19

அரைப்புள்ளி சொன்னபடி சேர்த்து இரண்டாம் பதிப்பு அனுப்பிவிட்டார். லிஸ்ட்டில் ஒருவர், "ரிவ்யூ தாமதமாகும் என்று தெரியும், இவ்வளவா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தம்பி பேசவில்லை.

மார்ச் 20, வியாழன்

அம்மா போன். தம்பி அவள் வீட்டுக்கு மேல் மாடியில்தான் இருக்கிறான்.

"என்னடி எழுதின அவனுக்கு?"

"ஏன், என்ன சொன்னான்?"

"அவன் எங்க சொன்னான்? ரெண்டு நாளா கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கான். கேட்டா, 'அக்கா மெயில் போட்டிருக்கா'ங்கறான். தோசை ஆறிப்போச்சு. மறுபடியும் திட்டிட்டியா?"

"இல்லம்மா. நல்லா இருக்குன்னுதான் எழுதினேன்."

அம்மா "நீயா?" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. லிஸ்ட்டில்தான், எல்லாருக்கும்.

"118ஆம் வரி தவறு. கழித்த பிறகு சோதிக்கிறது. கழிப்பதற்கு முன் சோதிக்க வேண்டும். ரிவ்யூ செய்தவர் இதைப் பிடித்திருக்க வேண்டும். இப்படியே ஏற்கக் கூடாது."

திறந்து பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்தது. மீதி இடம் எவ்வளவு என்று கழித்துப் பார்த்து, பூஜ்யத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்கிறது அந்த வரி. அங்கே வைத்திருக்கும் எண் வகைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே என்பதே கிடையாது. குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்ப் பிரம்மாண்டமான எண்ணாக நிற்கும். இடம் ஏராளமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதும். அந்தச் சோதனை ஒருநாளும் எதையும் நிறுத்தாது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமானவர்கூடக் கண்டுபிடிப்பார். நான் அதன் கீழேதான் 'நல்ல வேலை' என்று எழுதியிருக்கிறேன். அரைப்புள்ளியையும் அதில் இழுத்துவிட்டேன். அப்படியே மேலே போயிருந்தால் பலகை அணைவது நிற்காது, நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அரை மணி கழித்து எனக்கு மட்டும் ஒன்று வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான்.

"அக்கா, 118 தப்புன்னு அனுப்பின உடனேயே எனக்குத் தெரிஞ்சுது. நீ எப்படியும் பிடிச்சிடுவ, அப்ப திருத்திக்கலாம்னு இருந்தேன். உன் பதில் ஒன்பது நிமிஷத்துலயே வந்திருச்சு, நீ அவ்வளவு தூரம் வரவே இல்லைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இப்ப வந்தும் பிடிக்கல. அன்னைக்குத் தப்பா இருக்கும்னு படிச்ச. இப்ப சரியா இருக்கணும்னு படிச்சிருக்க. என் பேட்ச்சை எப்பதான் பேட்ச்சா படிப்ப?"

வெட்கமாக இருந்தது. ஆறு வருடம் கழித்துத் திரும்பவும் அதே ஆளிடம் அதே தப்பு, இந்தத் தடவை இனிப்புத் தடவி. ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷமாகவும் இருந்தது. அவன் என்னைத் திட்டுகிறான். தண்ணீர் சொம்பைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

லிஸ்ட்டில் பதில் போட்டேன்: "தவறு என்னுடையது. 'நல்ல வேலை' என்றதைத் திரும்பப் பெறுகிறேன்." அவனுக்குத் தனியாக ஒரு வரி: "சரி, நீயே திருத்தி அனுப்பு. பேட்ச்சாப் படிக்கிறேன்."

மார்ச் 25, செவ்வாய்

எட்டாவது பேட்ச் வந்தது. அனுப்பியவர் தம்பி. நேரம் காலை 10:05.

படிக்கத் தொடங்கினேன். பெயர் இருக்கும் இடத்தைத் திரையில் சின்னக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். இவர் அதைப் பார்த்துவிட்டு, "கண் நம்பர் ஏறியிருக்கா, செக் பண்ணட்டுமா?" என்றார்.

மார்ச் 26

இரண்டு குறை. சோதனை இப்போது சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் தோல்வி வந்தால் திரும்பும் வழியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதாமலிருக்க நிரலில் போடும் பூட்டு ஒன்றைத் திறக்காமல் போகிறான். எதற்காக இந்த மாற்றம் என்ற விளக்கத்தில் குளிர்பதனக் கிடங்கைப் பற்றிச் சொல்லவே இல்லை. இரண்டையும் எழுதினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அனுப்பும்போது மாலை நான்கு மணி. படிக்க ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

அனுப்பிய பிறகு பயம் வந்தது. பொதுவில், திரும்பவும், குறை.

மார்ச் 28, வெள்ளி

எட்டையும் மதியம் மேலே அனுப்பியாயிற்று. யோசனை சொன்னவர் என்ற இடத்தில் தம்பி பெயர் இருக்கிறது, கேட்டுத்தான் போட்டோம். அரைப்புள்ளி நன்றி எழுதியிருக்கிறார். அரைப்புள்ளியெல்லாம் சரியாக இருக்கிறது.

நேற்று நடந்ததை எழுத விட்டுப்போயிற்று. காலை ஒன்பது மணிக்கு என் ரிவ்யூவுக்கு அவன் பதில் வந்தது. "சரி." அந்த ஒரு சொல் மட்டும். மெயிலை மூடவும் முடியவில்லை, வேறு வேலை பார்க்கவும் முடியவில்லை. வாஷிங் மெஷினை ஓடவிட்டு, மேஜை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து எட்டாவது பேட்ச்சின் இரண்டாம் பதிப்பு வந்தது.