முன்னங்கால் முளைத்த தலைப்பிரட்டை

அன்பான சந்துரு அண்ணனுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் குறையவில்லை. வீட்டு விஷயத்தை ஊர் படிக்க எழுதுகிற பழக்கம் எனக்கில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் உன்னைத் திட்டும்போது பக்கத்தில் நாலு பேர் இருந்தால் தேவலாம் போலிருக்கிறது. அதனால்தான் இதை ஒளித்து வைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. நான்காம் வகுப்பு. வாசலில் கால் வைத்தால் எதிரே உன் சுவர். இடது பக்கம் வண்ணத்துப்பூச்சி: இலைக்கடியில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. கூட்டுப்புழுவை இலைக்காம்போடு கட்டியிருக்கும் நூலைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். வலது பக்கம் தவளை. அங்கேதான் என் தலைவலி. உன் தலைப்பிரட்டைக்கு முதலில் இரண்டு கைகள் முளைத்திருக்கின்றன!

தவளைக்குப் பின்னங்கால்தான் முதலில் வரும், அண்ணா. முன்னங்கால் அதற்குப் பிறகு. வால் கடைசியாகச் சுருங்கும். கோயில் சுவர்களுக்குப் பூதகணம் வரைந்த கை என்பதால் அதற்கும் முதலில் கை கொடுத்துவிட்டாயா? என் மேசையில் புத்தகம் இருந்ததே, ஒரு தடவை புரட்டியிருக்கக் கூடாதா?

போன தவணைப் பரீட்சையில் இதையே கேட்டேன். பாதிக்கு மேல் ‘முன்னங்கால்’ என்று எழுதியிருந்தார்கள். பிழை போட்டேன். தர்ஷினி என்ற வாயாடி எழுந்து நின்றாள்.

“டீச்சர், சுவத்துல அப்படித்தானே இருக்கு?”

“சுவத்துல இருக்கிறது தப்பு.”

“அத வரைஞ்சது உங்க அண்ணன்தானே டீச்சர்?”

“ஆமா.”

“அப்ப நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே!”

வகுப்பே சிரித்தது.

பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். “ரெண்டு காலை அழிச்சு ரெண்டு காலை வரையப் போறீங்க. அஞ்சு நிமிஷ வேலை, மிஸ்” என்றார். அந்த ஐந்து நிமிட வேலையை அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

“அவன் கை பட்ட எடத்துல எவ கையும் படக் கூடாது” என்றாள். “நீ படிச்சவ, சரி. அவன் பீலித் தண்ணியிலயே கெடந்து வளந்தவன். அவனுக்குத் தெரியாத தவளையா?”

நம் வீட்டில் யாரும் எதையும் உள்ளபடி பார்க்கத் தயாராக இல்லை. உன் கருமாதியன்று வீட்டுக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. அது நீதான் என்று அத்தை கும்பிட்டு அழுதாள். பின்பக்கத்து எலுமிச்சங்கன்றை மொட்டையடித்துக்கொண்டிருந்த பச்சைப் புழுதான் அது. நான் தினமும் பார்த்தேன். கூட்டுக்குள் புழுவின் உடம்பு பெரும்பாலும் கரைந்து, அதிலிருந்து பூச்சி உருவாகும். ஆனால் கரையும்போதும் அது உயிரோடுதான் இருக்கும், செத்துப் பிறப்பதில்லை. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவுக்குக் கண்ணாலேயே காட்டிவிடலாம் என்று, ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே தேங்கிய தண்ணீரிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து ஒரு பிளாஸ்டிக் பேசினில் விட்டேன். மறுநாள் பேசின் கவிழ்ந்து கிடந்தது. இரண்டாம் தடவையும் அதேதான். அம்மா இருபது வருடமாக இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மழை பெய்தால் பால் பிடிக்கும் சிரட்டைகளையெல்லாம் கவிழ்த்துவிட்டுத்தான் மலையிலிருந்து இறங்குவாள். தண்ணீர் தேங்கி நிற்பதை அவள் கை பொறுக்காது.

“அம்மா, அது நான் வளக்கிறது!”

“நான் என்னத்த கண்டேன் புள்ள? தண்ணி நின்னுச்சு, கவுத்துட்டேன். கொசுவு வச்சிருக்கோம்னு சுகாதாரம் பாக்கிற பி.எச்.ஐ. மாத்தயா வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ?”

மூன்றாவது தடவை பேசினை அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். கீரையை அவித்துப் போட்டு, தண்ணீர் மாற்றி, ஆறு வாரம். போன பௌர்ணமிப் போயா விடுமுறையில், அம்மா வேலைக்குப் போகாத பகலில், இறக்கிக் காட்டினேன். ஒன்றுக்கு வாலடியில் இரண்டு பின்னங்கால்கள். முன்னால் ஒன்றுமில்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். “இது கோளாறு பிடிச்ச தவள.”

அடுத்ததைக் காட்டினேன். “இதுவும் கோளாறு.”

“எல்லாத்தையும் பாரு.”

எல்லாவற்றையும் பார்த்தாள். பேசினைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை.

“அன்னைக்கி அவன் நெத்தி சுட்டுச்சுடி” என்றாள். “நான்தான் கொத்தமல்லி போட்டுக் குடுத்து, முடிச்சிட்டு வாடான்னு அனுப்புனேன். படம் சரியா இருந்தா அன்னைக்கி அவன் நல்லாத்தானே இருந்திருக்கணும், நான் அனுப்புனது தப்பில்லன்னு நெனச்சேன்.”

இதற்காகத்தான் அவள் இத்தனை மாதம் அந்தச் சுவரைக் காத்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் இரண்டு நாள் நீ வண்ணத்துப்பூச்சியை வரைந்தாய். மூன்றாம் நாள் காய்ச்சலோடு தவளையை. “பெயின்ட் வாடைக்குத் தலைய வலிக்குது, பள்ளிக்கூடம் தொறக்க முந்தி முடிச்சிட்டுப் போறேன்டி” என்றாய். தெஹியோவிட்ட ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் தினமும் வாசலில்தான் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று நானும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, படித்துக்கொண்டிருந்த நாவலுக்குத் திரும்பிவிட்டேன். எலிக்காய்ச்சல், முன்பே வந்திருந்தால் மருந்துக்குக் கேட்டிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஒரு சுவருக்காகவா, அண்ணா? அது அடுத்த கிழமைவரை காத்திருக்காதா?

உனக்குக் காய்ச்சல் என்று நீ சொல்லவில்லை, கண்டும் நாங்கள் வற்புறுத்தவில்லை. உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். இப்போது யாரைத் திட்டுவது?

அம்மா பேசினை என்னிடம் தந்தாள். இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. “மாத்திடு. புள்ளைங்க தப்பா எழுதக் கூடாது. நானும் வாரேன், பெயின்ட் டின்ன புடிச்சுக்கிறேன்” என்றாள்.

திங்கட்கிழமை வரைகிறோம். என் கோடு உன் கோட்டைப் போல வராது, பார்க்கச் சகிக்காது. ஆனால் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் நெற்றி சுட்டாலும், பாடத்தை நிறுத்திவிட்டு நானே கையைப் பிடித்து பஸ் ஏற்றுவேன். வேண்டாம் டீச்சர் என்று அழுதாலும் ஏற்றுவேன்.

ஒரு தடவை மட்டும் சொன்ன
உன் தங்கச்சி,
செல்வி