வெண்துகில் களைந்த நாளின் புகைவரி ஆணை

கடல் தன் எல்லையில் நிற்க. மழை தன் காலத்தில் பெய்க. ஆழிமேட்டு நாட்டை ஆண்டு மறைந்த திரைகொண்டாரின் பட்டத்தரசி முகில்வேணியார் அருளிய ஓலை. மேல்கரை உப்புக்கோட்டத்தைக் காக்கும் தலைவர் நாகன் தேவனாரும், அவர் கரையும் கலங்களும் நலம் பெறுக.

மன்னர் மறைந்தால் அரசி வெண்துகில் களையும் நாள்வரை நாட்டில் வரி கொள்வதில்லை என்பது தாங்கள் அறிந்த வழக்கம். துயரத்துக்கு நாள் குறிக்க எவருக்கும் மனம் வரவில்லை, அரசியாருக்கும் வரவில்லை. அவர் மேல்மாடத்தில் அமர்ந்து மேற்கு வானையே பார்த்திருந்தார். அங்கே எழுந்த சாம்பல்நிறப் புகை மாலை வெயிலில் யானைகளாகவும் பாய்மரங்களாகவும் உருமாறிக் கரைந்தது. கரையோர மக்கள் மன்னருக்கு இடும் அகிற்புகை என்றே அவர் எண்ணினார். சில மாலைகளில் அதனூடே மன்னர் நடந்து வருவதுபோலத் தோன்றும். அரசியார் எழுந்து நிற்பார்.

அது உப்பு காய்ச்சும் அடுப்புகளின் புகை என்று சொன்னவள், தங்கள் கரையிலிருந்து அரண்மனைக்கு முறையிட வந்த காரிநங்கை. விறகுப்புகைக்கு வரி விதித்த மன்னர், உவர்நீரை மேட்டுப்பாத்திக்கு ஏற்றும் காற்றுச்சக்கரத்துக்குப் பாதிச் செலவை மானியமாகத் தந்திருந்தார். வரி நிலைக்கும் என்று நம்பி, மனையை விற்று மறுபாதியை இட்டவள் அவள். வரி நின்றதும் மற்றவர்கள் அடுப்பு மூட்டி உப்பை மலிவாக விற்றார்கள். வெயிலில் விளைந்த அவள் உப்பு பாத்தியோரம் குவிந்து கிடந்தது. மானியம் வாங்கிச் சக்கரம் நட்டவர்களே அதை வெட்டி அடுப்பில் இட்டார்கள். அரசியார் வற்புறுத்திக் கேட்டபின், கரையில் தன்னைக் கேலி செய்த சொல்லையும் அவள் தலைகுனிந்து சொன்னாள்: “அழுவுறவங்க அழுவட்டும்டி காரி, நம்ம அடுப்பு அணையாம இருந்தா சரி.”

வரியை மீட்டுத் தருமாறு அவள் கேட்கவில்லை. துயரத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று அரசியிடம் எப்படிக் கேட்பாள். மறைவாக வெட்ட மனமின்றி, மன்னர் தந்த மானியமும் கலந்த தன் சக்கரத்தை விறகுக்கு விற்க ஒப்புதல் மட்டுமே வேண்டினாள்.

அரசியார் மேற்கே பார்த்தார். அன்றும் புகையினூடே மன்னர் வந்துகொண்டிருந்தார். அவர் ஒழிக்க நினைத்த புகையிலேயே அவரைத் தேடியிருந்தோம் என்று சொல்லி உள்ளே போனவர், நீலத்துகில் உடுத்தி வெளியே வந்தார்.

ஆகவே, இன்று முதல் புகைவரி முன்போல் கொள்க. ஆண்டுதோறும் அது எவ்வளவு ஏறும் என்பதை இப்போதே கல்லில் வெட்டிக் கரையில் நடுக. புதிதாகச் சக்கரம் நாட்ட நினைப்போர் முன்னதாகவே கணக்கிட்டுப் பார்க்கட்டும். இனி மானியம், சக்கரம் ஏற்றிய நீரில் விளைந்த உப்பின் அளவுக்கே தரப்படும். எந்த மன்னர் மறைந்தாலும், அரசியாரே மறைந்தாலும், இவ்வரி நிற்கலாகாது. காரிநங்கையின் சக்கரம் விற்பனைக்கு இல்லை. குவிந்த அவள் உப்பை அரண்மனை பழைய விலைக்கே கொள்ளும்.

நாவாய் இலச்சினை இட்டு விடுத்தோம். பறை அறைவோர் வரி மீண்டது என்று மட்டும் அறைக. அரசியின் துயரம் தீர்ந்தது என்று எவரும் அறைய வேண்டா.